கீழறைத் தரைக்கு எபொக்சி: முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

8 ஜூலை 2023
(கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

வீட்டுக்குக் கீழே பாதி நிலத்துக்குள் இறங்கிய அறை ஒன்று எங்களுக்கு இருக்கிறது. 12 அடிக்கு 14 அடி. முற்றத்து மட்டத்திலிருந்து மூன்றரை அடி கீழே தரை. மாமா கனடாவிலிருந்து வந்து நின்றபோது, தன் வீட்டு நிலவறை மாதிரி இருக்கட்டும் என்று கட்டுவித்தது. வெறும் சீமெந்துத் தரை, கூட்டக் கூட்டத் தூசி வருகிறது. எபொக்சி அடிக்கச் சொல்கிறார் மாமா, ரெசினும் ஹாட்னரும் (இறுக வைக்கும் திரவம்) கலந்து பூசுவார்களே, அதுதான். ஹாட்வெயர் கடையில் இரண்டு நாள் வேலை என்றார்கள். பொலித்தீன் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தேன், ஒரு துளி ஈரமும் இல்லை. மேசனும் சரி என்கிறார். இந்தக் கச்சான் காற்றடிக்கும் காலத்துக்குள் முடித்துவிடலாமா அண்ணன்?

8 ஜூலை 2023, இரவு

இப்போது வேண்டாம் தம்பி. ஜூலையில் மட்டக்களப்பில் எந்தத் தரைக்குப் பொலித்தீன் ஒட்டினாலும் காய்ந்துதான் இருக்கும். உங்கள் கிணற்றில் தண்ணீர் இன்றைக்கு எத்தனை அடியில் நிற்கிறது? போன மார்கழியில் எத்தனை அடியில் நின்றது? இரண்டையும் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

9 ஜூலை 2023

நேற்று இரவு அவசரமாக எழுதிவிட்டேன். ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. நான் இதைச் செய்து பட்டவன்.

நாவற்குடாவில் படகு எஞ்சின் திருத்தும் சின்னப் பட்டறை எனக்கு. வீட்டோடு சேர்ந்த அறை, 10 அடிக்கு 16 அடி, முற்றத்திலிருந்து மூன்றடி இறக்கம். அப்பா காலத்தில் தேங்காய் போட்டு வைத்த இடம். 2019 ஜூலை இரண்டாம் கிழமை அதற்கு எபொக்சி போட்டேன். வேலையை எடுத்தவர் வெளியூர்க்காரர். அவரும் பொலித்தீன் ஒட்டிப் பார்த்துத்தான் தொடங்கினார். 18 அங்குலச் சதுரம், நான்கு பக்கமும் டேப், 16 மணித்தியாலத்துக்கு மேல் விட்டார். பார்த்த முறையில் ஒரு பிழையும் இல்லை. உரித்துப் பார்த்தால் உள்பக்கம் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

சாம்பல் நிறம், இரண்டு பூச்சு. ஐந்து மாதம் அந்தத் தரையில் வேலை செய்வதே சந்தோசமாக இருந்தது. ஒரு சின்ன வாஷர் விழுந்தாலும் கண்ணில் படும். எண்ணெய் சிந்தினால் சீலையால் ஒரு இழுப்பு, போய்விடும். எபொக்சியை நான் குறை சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

டிசம்பர் நடுவில், சுவரோரமாகக் கடலை அளவில் கொப்புளங்கள் வந்தன. தூசி ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். மழை விடவில்லை. பத்து நாளில் அவை வடை அளவுக்கு வந்துவிட்டன. காலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. ஒன்றைக் கத்தியால் கீறினேன், தண்ணீர் பீறிட்டு வந்தது. வெறும் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கொழகொழவென்று, தேயிலைச் சாயத்தின் நிறத்தில், ஒரு நாற்றத்தோடு. அடியில் கொங்கிறீட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தைப்பொங்கல் வரும்போது தரையில் மூன்றில் ஒரு பங்கு எழும்பிவிட்டது.

சுரண்டி எடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. கொப்புளம் விட்ட இடம் தோல் மாதிரி உரிந்து வந்தது. விடாத இடம் உளி வைத்து அடித்தாலும் அசையவில்லை. ஒரே வாளியில் கலந்து ஒரே நாளில் பூசியது, ஒரு பக்கம் இப்படி, மறு பக்கம் அப்படி. ஏன் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

மாமியார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "கிணத்துல தண்ணி மேல வந்து கிடக்கு. மறுகா நிலம் மட்டும் சும்மா கிடக்குமா மனே?"

அந்தக் கிணறு பட்டறை வாசலிலிருந்து பத்தடி தூரம். வேலைக்கு முன்னால் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.

10 ஜூலை 2023

ஒரு திருத்தம். "எந்தத் தரைக்கும்" என்று எழுதியது பிழை. செங்கலடியிலிருந்து ஒருவர் தன் வயலோரத்து வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே களிமண், கச்சானிலும் ஈரம் காட்டுகிறதாம். நான் மனதில் வைத்துப் பேசியது கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி போல கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலத்தை. மணலில் மழை பெய்தவுடன் கிணறு ஏறும், விட்டதும் மெல்ல இறங்கும். கோடையில் ஒட்டிய பொலித்தீன் மாரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

12 ஜூலை 2023

தம்பி அளந்து அனுப்பிவிட்டார், நன்றி. இன்றைக்கு முற்றத்து மட்டத்திலிருந்து ஒன்பதடியில் தண்ணீர். மாரியில் அளந்ததில்லை, ஆனால் அம்மா சொல்கிறாவாம், கார்த்திகை மார்கழியில் கயிறு வேண்டாம், குனிந்து வாளியால் அள்ளலாம் என்று. அப்படியென்றால் மூன்றடிக்குள் வந்துவிடுகிறது. தரை மூன்றரை அடியில். அதாவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம் உங்கள் அறையின் அடி தண்ணீருக்குள் நிற்கிறது.

மாமாவின் நிலவறையோடு இதை ஒப்பிடக் கூடாது. கனடாவில் அத்திவாரத்தைச் சுற்றித் துளையிட்ட வடிகுழாய் போடுவார்கள், தளத்துக்கு அடியில் உடைகல்லும் பொலித்தீனும் விரிப்பார்கள், சேரும் தண்ணீரை ஒரு குழிக்குள் விட்டு மோட்டரால் வெளியே தள்ளுவார்கள். எபொக்சி பார்ப்பதற்குள் தண்ணீரை அடியிலேயே மறித்துவிடுகிறார்கள். நம்முடைய மேசன்மார் நிலத்துக்கு மேலே கட்டிப் பழகியவர்கள். தளத்துக்கு அடியில் பொலித்தீன் விரித்தார்களா என்று மாமாவிடம் கேளுங்கள்.

விரிக்கவில்லை என்றால் தண்ணீர் கீழேயிருந்து முட்டும். ஒரு அடி உயரத் தண்ணீர் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோ பாரத்தோடு மேலே தள்ளும். பெயின்ட் மாதிரி மெல்லிய பூச்சு அதைத் தாங்காது.

15 ஜூலை 2023

மேலே கடைசியாக எழுதிய கணக்கைச் சம்மாந்துறையிலிருந்து ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பிடித்துக்கொண்டார். கட்டட வேலையில் முப்பது வருடம் இருந்தவர். 300 கிலோ சரி என்கிறார். ஆனால் ஒழுங்காகத் தயார் செய்த கொங்கிறீட்டில் எபொக்சியின் பிடியைச் சதுர மில்லிமீற்றருக்கு 1.5 நியூட்டனுக்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள். அதைச் சதுர மீற்றருக்கு மாற்றினால் 150 தொன். 300 கிலோ எங்கே, 150 தொன் எங்கே? ஒரு அடித் தண்ணீரின் தள்ளுகை மட்டும் அதைப் பெயர்க்கவே முடியாது என்கிறார்.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி. நான்கு வருடமாக எல்லோருக்கும் "தண்ணீர் தள்ளிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அப்படியானால் என் தரை ஏன் எழும்பியது? நானா இரண்டு காரணம் சொல்கிறார். முதலாவது, கொங்கிறீட் போடும்போது மேலே மிதந்து வந்து காயும் சீமெந்துப் பால். அது பலமில்லாத ஒரு படை. அதைச் சீவி எடுக்காமல் பூசினால் எபொக்சி அந்தப் படையைத்தான் பிடிக்கும், கொங்கிறீட்டைப் பிடிக்காது. எபொக்சியின் பலம் எவ்வளவு என்றாலும் அடியில் இருப்பது தவிட்டு அப்பம் மாதிரி இருந்தால் பயனில்லை.

இரண்டாவது உப்பு. மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் சாறு விடுகிறதே, அதே வேலைதான். பூச்சுக்கு அடியில் எங்காவது உப்பு அகப்பட்டிருந்தால், கீழே இருக்கும் ஈரத்தைக் கொங்கிறீட்டின் ஊடாக அது இழுக்கும். இழுத்த தண்ணீருக்குப் போக வழி இல்லை, எபொக்சி மூடி போட்டுவிட்டது. அங்கே உண்டாகும் அமுக்கம் வெறும் கிணற்று மட்டம் கொடுக்கும் அமுக்கத்தைவிடப் பல மடங்கு பெரிது. கொப்புளத்துக்குள் கொழகொழவென்று கண்ட தண்ணீருக்கும் வெள்ளை உப்புக்கும் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது.

16 ஜூலை 2023, விடியற்காலை

நித்திரை வரவில்லை. உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 2019இல் அந்த ஆள் கிரைண்டர் போட்டுத் தரையை அரைக்கவில்லை. ஹைட்ரோகுளோரிக் அசிட் ஊற்றித்தான் கழுவினார். தரை நுரைத்தது, நன்றாகச் சுத்தமாகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சீமெந்தில் உள்ள சுண்ணாம்பும் அந்த அசிட்டும் சேர்ந்தால் வருவது கல்சியம் குளோரைட். அதுவும் உப்புத்தான், ஈரத்தை இழுப்பதில் சாப்பாட்டு உப்பைவிடக் கெட்டி. பலமுறை நல்ல தண்ணீரால் அலசியிருக்க வேண்டும். இரண்டு வாளி ஊற்றித் தள்ளிவிட்டார். அதுவும் எங்கள் கிணற்றுத் தண்ணீர், வாயில் வைத்தால் சவர்.

கிணற்றுக்குப் பாதிக் குற்றம், அசிட்டுக்குப் பாதி. சுவரோரத்தில்தான் முதலில் கொப்புளம் வந்தது, அலசல் போய்ச் சேராத இடமும் அதுதான். அதிகம் மிதித்து நடக்கும் நடுப்பகுதியில் பால் முன்பே தேய்ந்து போயிருந்தது. அங்கேதான் உளிக்கும் அசையவில்லை.

29 ஜூலை 2023

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறா: "அசிட் வேண்டாம் என்றால் வேறு என்ன?"

வைரச் சில்லுப் போட்ட கிரைண்டர். வாடகைக்கு எடுக்கலாம். தொட்டுப் பார்த்தால் நடுத்தர உரக்கடதாசி மாதிரி சொரசொரப்பு வர வேண்டும். சோதிக்க வழி லேசு: ஒரு துளி தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் பால் இருக்கிறது, அல்லது எண்ணெய் ஊறியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் தரை குடித்துக் கருத்துவிட்டால் சரி. எண்ணெய் ஊறின இடம் தனிக் கதை. முதலில் சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுக்க வேண்டும். எடுக்காமல் கிரைண்டர் போட்டால் எண்ணெய் இன்னும் பரவும்.

தூசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் தங்கச்சி. கொங்கிறீட்டை அரைக்கும்போது வரும் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கீழறையில் காற்றோட்டம் வேறு இல்லை. மூக்கில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு அரைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கும். கிரைண்டரோடு உறிஞ்சி பூட்டுங்கள், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் வடிகட்டி மாஸ்க் போடுங்கள். மாஸ்க்குக்குக் காசில்லை என்றால் வேலையையே தள்ளிப் போடுங்கள்.

20 ஆகஸ்ட் 2023

வாழைச்சேனையில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் வேலை செய்த ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ரெசின் வேலை தனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவசரமென்றால் ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் கெதியாய் இறுகும் என்கிறார்.

தம்பி, கோபிக்க வேண்டாம், படகு ரெசின் வேறு, இது வேறு. படகுக்குப் போடுவது பொலியெஸ்டர். அதில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று சொட்டுச் சொட்டாக விடும் கற்றலிஸ்ட் தொடக்கி விடுகிற வேலையைத்தான் செய்கிறது. கொஞ்சம் கூட்டினால் கெதியாகும், உண்மை. எபொக்சியில் ஹாட்னர் தொடக்கி விடுவது மட்டுமில்லை, அதுவும் சேர்ந்துதான் தரையாகிறது. ரெசினின் ஒவ்வொரு கைக்கும் ஹாட்னரின் ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். கூடிப் போனால் பிடிக்க ஆளில்லாத ஹாட்னர் உள்ளே தங்கி, தரை பிசுபிசுத்து, என்றைக்கும் இறுகாது. தகரத்தில் என்ன விகிதம் எழுதியிருக்கிறதோ அதே விகிதம். கண் அளவு வேண்டாம், தராசு அல்லது அளவுக் கோப்பை.

கலந்த பிறகு வாளிக்குள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. கலந்ததும் சூடேறும், சூடேறினால் இன்னும் வேகமாக இறுகும். நம் வெயிலில் அரை மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. கலந்த கையோடு தரையில் ஊற்றிப் பரப்புங்கள். பரந்து கிடந்தால் சூடு வெளியே போகும், நேரம் கிடைக்கும். என் பட்டறையில் மிச்சம் விட்ட அரை வாளி புகைத்ததைக் கண்ணால் கண்டேன், பிளாஸ்ரிக் வாளி உருகி வாய் கோணிவிட்டது.

கையுறை போடாமல் தொட வேண்டாம். சிலருக்கு முதல் நாளிலேயே தோல் தடிக்கும், சிலருக்கு மாதங்கள் கழித்து. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு அந்தப் பக்கமே போக முடியாது. கையில் பட்டால் தின்னரால் கழுவ வேண்டாம், தின்னர் அதைத் தோலுக்குள் இன்னும் கொண்டு போகும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

3 செப்டெம்பர் 2023

கல்லடித் தம்பி இந்த வருடம் எபொக்சி போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். மாமாவுக்குக் கொஞ்சம் மனக்கசப்பாம். எனக்கும் பாரமாக இருக்கிறது, அவருடைய ஆசையை நான் தள்ளிப் போட்ட மாதிரி.

தூசிக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். சிலிக்கேற் கரைசல் கிடைக்கும், தண்ணீர் மாதிரி இருக்கும். அடித்தால் கொங்கிறீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கிவிடும். தூசி பறப்பது குறையும், தரை மூச்சும் விடும். மினுங்காது, நிறமும் வராது. 2020 பங்குனியிலிருந்து என் பட்டறையில் அதுதான்.

26 நவம்பர் 2023

தம்பி, இப்போது ஒட்டுங்கள் பொலித்தீனை. ஜூலையில் ஒட்டிய அதே இடத்தில். கிணற்றையும் அளந்து சொல்லுங்கள்.

30 நவம்பர் 2023

படம் வந்திருக்கிறது. பொலித்தீனுக்குள் முழுக்க வியர்வை, அடியில் தரை கருத்துவிட்டது. கிணறு மூன்றடி ஒரு அங்குலத்தில். தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணன், இதே இடம்தான், இதே டேப்தான்." பார்த்துக்கொண்டே இருந்தேன்.

7 ஜனவரி 2024

தம்பியின் அறையில் இப்போது வெளிப்படையாகவே தண்ணீர். தரையின் நடுவில் இல்லை, சுவரும் தரையும் சேரும் மூலையில், நூல் மாதிரிக் கசிந்து படி வரைக்கும் வந்திருக்கிறது. கிணறு இரண்டடி நான்கு அங்குலம்.

மூலையில் வருவதற்குக் காரணம் உண்டு. சுவரை ஒரு நாளில் எழுப்புவார்கள், தளத்தை வேறொரு நாளில் போடுவார்கள். இரண்டும் ஒட்டினது மாதிரி இருக்கும், ஒட்டாது. நிலத்துக்குக் கீழே கட்டும்போது அந்த இணைப்பில் தண்ணீர் மறிக்கும் பட்டி வைக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு வைக்க முடியாது. உள்ளேயிருந்து வெட்டி அடைக்கும் சீமெந்துகள் உண்டு, ஓடும் தண்ணீரிலும் நிமிடக் கணக்கில் இறுகும். ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்தில் வரும். அதையும் அடைக்கலாம், ஆனால் அப்படி ஒவ்வொரு மாரியிலும் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டி வரும்.

மோட்டர் வைத்து இறைக்கலாமா என்று தம்பி கேட்கிறார். முதல் நாள் நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். பிறகு யோசித்தேன்: பெருமழை பெய்யும் இரவில்தான் மின்சாரம் போகும், மோட்டர் வேண்டியதும் அதே இரவில்தான்.

28 ஜனவரி 2024

மாமாவே தொலைபேசியில் எடுத்தார். பெரிய மனிதர், என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டுப் பேசினார். தளத்துக்கு அடியில் பொலித்தீன் போட்டார்களா என்று கேட்டேன். "அப்போது நான் கனடாவுக்குத் திரும்பிவிட்டேன் தம்பி, எனக்குத் தெரியாது" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. இந்த வீட்டைக் கட்டக் குளிருக்குள் இரண்டு வேலை செய்த மனிதர். எபொக்சி போடுவதைவிட அறையையே கொஞ்சம் மேலே தூக்குவோமா என்று கேட்டேன். கன நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு தூக்க வேண்டும்?" என்றார்.

11 பெப்ரவரி 2024

கணக்கு இப்படி. இந்த மாரியில் கிணறு ஏறிய உச்சம் இரண்டடி நான்கு அங்குலம். தரை மூன்றரை அடியில். இரண்டடி தூக்கினால் புதுத் தரை ஒன்றரை அடியில் வரும், தண்ணீருக்கும் அதற்கும் பத்து அங்குல இடைவெளி. அறையின் உயரம் இப்போது ஒன்பதடி, அது ஏழடியாகும். தலை இடிக்காது.

இருபது அங்குலம் நிரப்ப வேண்டும், மேலே நான்கு அங்குலக் கொங்கிறீட். நிரப்புவதற்கு களி கலந்த மண் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல களி தண்ணீரைப் பல அடி மேலே இழுக்கும். பருமணலில் சில அங்குலம்தான் ஏறும், உடைகல்லில் அதுவும் இல்லை. அடியில் ஆற்றுப் பருமணல், மேல் ஆறு அங்குலம் உடைகல், கல்லின் கூர் குத்தாமல் இருக்க மெல்லிய மணல் படை, அதன் மேல் ஆயிரம் கேஜ் பொலித்தீன். மூட்டுகளை ஓரடி மேல்மடித்து டேப் போட்டு, ஓரங்களைச் சுவரில் ஏற்றி விட வேண்டும். கம்பி கட்டுபவர்கள் செருப்போடு மிதித்துக் கிழிக்காமல் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நானே போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

10 மார்ச் 2024

நேற்று கொங்கிறீட் போட்டாகிவிட்டது. காலை ஆறரைக்குப் போய் இருட்டும் வரைக்கும் நின்றேன். பொலித்தீனில் இரண்டு ஓட்டை கண்டேன், இரண்டையும் அடைத்தோம். சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்கிறார்கள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும்.

28 நாள் கடந்துவிட்டது, பூசலாமா என்று தம்பி கேட்கிறார். 28 நாள் என்பது கொங்கிறீட் பலம் பிடிக்கும் கணக்கு. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற அது போதாது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. நான்கு அங்குலத்துக்கு நான்கு மாதம், அதுவும் அடியில் பொலித்தீன் இருப்பதால் மேலே ஒரு வழியாகத்தான் ஈரம் போகும். ஜூலை வரைக்கும் பொறுங்கள்.

போன வருடம் ஒரு மாரியைப் பார்த்துவிட்டுப் பூசுங்கள் என்றேன், இப்போது மாரிக்கு முன் பூசச் சொல்கிறேன், முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது என்று செங்கலடிக்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நானே நின்று பார்த்த பொலித்தீன் அடியில் கிடக்கிறது. இருந்தாலும் மனதில் ஒரு பகுதி இன்னொரு மாரிக்குக் காத்திரு என்றுதான் சொல்கிறது. ஆனால் மாமா ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட வருகிறார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அதற்கு மேல் என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

21 ஜூலை 2024

நேற்றுப் பூசினோம். பொலித்தீன் சோதனை மூன்று இடத்தில், மூன்றும் காய்ந்தே இருந்தன. கிரைண்டர் போட்டு, உறிஞ்சியால் இரண்டு முறை இழுத்து, முந்தாநாள் பிரைமர் அடித்து வைத்திருந்தோம்.

நேரத்தைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். காலையில் பூசினால் தரை சூடேற ஏற அதற்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே வந்து பூச்சில் ஊசித் துளை விழும். பின்னேரத்தில் தரை ஆறும்போது காற்று உள்ளே போகும், பூச்சையும் கூட இழுத்துக்கொள்ளும். ஆனால் இரவில் ஈரக் காற்றுத் தரையில் படிந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடத் தரை குறைந்தது மூன்று பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. நேற்று பின்னேரம் மூன்று மணிக்கு நல்ல கச்சான். காற்று 34 பாகை, ஈரப்பதன் 50 வீதம். அந்தக் கணக்கில் ஈரம் படிவது 22 பாகையில், தரை 29இல் இருந்தது. தாராளம். மாரியில் 30 பாகையும் 80 வீதமும் என்றால் 26 பாகையிலேயே படியத் தொடங்கிவிடும். அந்த நாளில் தகரத்தைத் திறக்கவே கூடாது.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு: தின்னர் கலக்காத எபொக்சி ஒரு லீற்றர், ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் நிற்கும். அறை 168 சதுர அடி, அதாவது 15.6 சதுர மீற்றர். ஒரு பூச்சு 150 மைக்ரோன் என்றால் இரண்டு பூச்சுக்கு நான்கே முக்கால் லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ரோலரிலும் வாளியிலும் ஒட்டுவதற்கு அரை லீற்றர் கூட்டி வாங்கினோம். இரண்டாவது பூச்சு இன்றைக்கு. படியடியில் மட்டும் காய்ந்த குவாட்ஸ் மணல் தூவியிருக்கிறோம், நனைந்தால் வழுக்காமல் இருக்க.

சுவரின் கீழ்ப்பகுதிக்கு எபொக்சி ஏற்றவில்லை. பழைய சுவர் இன்னும் கீழே ஈரத்துக்குள் நிற்கிறது. அதற்குச் சுண்ணாம்பு மட்டும். மூச்சு விட இடம் வேண்டும்.

30 ஜூலை 2024

மாமா வந்து இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்தாராம். ஏழு நாள் முடிந்த பிறகுதான் தளபாடம் வைக்கச் சொன்னேன், கேட்டிருக்கிறார்கள்.

1 டிசம்பர் 2024

நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எழுத முடிந்தது. என் பட்டறைக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. எஞ்சின்களை முன்கூட்டியே மேலே தூக்கி வைத்ததால் தப்பின. சிலிக்கேற் தரை கழுவினால் சரி.

கல்லடித் தம்பியிடம் கேட்டேன். முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் கிணறு இரண்டடி ஒரு அங்குலம் வரை வந்ததாம். போன மாரியைவிட மூன்று அங்குலம் மேலே. என் பத்து அங்குலத்தில் ஏழுதான் மிச்சம், பொலித்தீனுக்கு அடியில் வெறும் மூன்று. கேட்டதும் வயிற்றைக் கலக்கியது.

8 டிசம்பர் 2024

இன்றைக்கு நேரில் போனேன். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான், தும்புத்தடியால் தட்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். தரையை முழங்காலில் இருந்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கொப்புளம். தம்பியும் அவருடைய அம்மாவும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார்கள். ஊசியால் குத்தினேன். தண்ணீர் இல்லை, வெறும் காற்று. கீறி எடுத்துப் பார்த்தேன், அடியில் கொங்கிறீட் காய்ந்து கிடந்தது, உப்பும் இல்லை. பூசும்போது ரோலரில் அகப்பட்ட காற்றுத்தான். அந்த இடத்தை உரக்கடதாசி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம், கச்சான் வந்ததும் அங்கே மட்டும் ஒரு பூச்சு அடிக்க வேண்டும்.